குரலுக்கு முதலிடம்

வங்காளத்துக் கிடர்பூர் கப்பல்துறையை ஒட்டி, கரையிறங்கும் மாலுமிகள் வந்து இளைப்பாற ஒரு கூடம் உண்டு. தர்ம ஸ்தாபனம் ஒன்று நடத்துவது. பழைய காலத்துக் கட்டடம். சுவர்கள் முழ அகலம். உள்ளே கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ் மேஜை, யாரும் புரட்டாத பத்திரிகைகள், கோடியில் ஒரு கேன்டீன். கப்பலிலிருந்து வருகிறவர்கள் இதில் எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வாசலைத் தாண்டுவதற்குள் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, வைஃபை பாஸ்வேர்ட் என்ன என்பதுதான்.

கூடத்தின் பொறுப்பாளர் லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிர் ஃபிளாட்காரர். வங்காளிகள் அண்ணியைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரை பௌதி என்றே கூப்பிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் பையோடு படியேறி வந்தவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீ இன்டர்நெட் ஆள்தானே?" என்றார் வங்காளத்தில்.

"ஒரு மாதிரி அப்படித்தான், பௌதி."

"அப்போ என்னோட வா. பசங்க எல்லாம் என்னைத் திட்டறாங்க. போன் பேசினா பேச்சு பாதியில விழுந்துடுதாம். வேகமான லைனுக்கு மாத்தியாச்சு. இன்னும் அதே கதை."

நான் சால்ட் லேக்கில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஒரே கம்பிக்குள் முண்டியடித்துக்கொண்டு போகிற பல நூறு சமாச்சாரங்களில் எது முந்திப் போகவேண்டும், எது சற்றுப் பொறுக்கலாம் என்று ஏற்பாடு செய்வதுதான் என் வேலையில் பெரும்பங்கு. வீட்டில் இது யாருக்கும் புரிந்ததில்லை. யாராவது விசாரித்தால் என் கணவர் "கம்ப்யூட்டர்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பௌதி அந்த அளவுக்காவது என்னை நம்பினாரே என்று கிளம்பிவிட்டேன். என் அப்பா கிடர்பூர் துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவர். சின்ன வயதில் அவரோடு அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். லாரிகளும் கைவண்டிகளும் அன்றைக்குப் போலவே இன்றும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு நின்றன.

கூடத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனித்ததுமே நோய் தெரிந்துவிட்டது. மாதக்கணக்கில் கடலில் இருந்த போன்கள் வைஃபையைக் கண்டதும், எடுத்து வைத்திருந்த புகைப்படங்களையெல்லாம் தாமாகவே மேலே ஏற்ற ஆரம்பிக்கின்றன. சொந்தக்காரனுக்கே அது தெரியாது. அவன் பாவம், மனைவியைக் கூப்பிட்டு "சாப்பிட்டாயா?" என்கிறான். அந்தச் சொல் அவனுடைய படங்களுக்கும் அடுத்த நாற்காலிக்காரனின் படங்களுக்கும் பின்னால் வரிசையில் நிற்கிறது.

குரல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிற பொருள். ஒவ்வொன்றும் இம்மியளவு. ஆனால் உரிய நேரத்தில் போய்ச் சேரவேண்டும். பிந்தி வருகிற துண்டை அந்தப் பக்கத்துப் போன் வேண்டாமென்று எறிந்துவிடும். பேச்சில் அந்த இடம் ஓட்டையாகும். புகைப்படத்துக்கு அந்த அவசரம் கிடையாது. ஐந்து நிமிடம் தாமதித்துப் போனாலும் படம் படம்தான். ஆகையால் குரலை முன்னால் விடு, படத்தை நிறுத்தி வை. சொல்லிக் கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

அங்கே இருந்த ரூட்டருக்கு இந்த வித்தை தெரியாது. அடுத்த வாரம் வீட்டில் சும்மா கிடந்த ஒரு நல்ல ரூட்டரைக் கொண்டுபோய் மாட்டினேன். பேச்சும் வீடியோ காலும் முதல் வகுப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சோதித்துப் பார்த்தேன்; பேச்சு கண்ணாடிபோல் வந்தது. பௌதி வறுத்த மீன் கொடுத்தார். ராஜமரியாதையோடு வீடு திரும்பினேன்.

மறுநாளே அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கே? காலையிலேர்ந்து என் மெயில் போகல! நாளைக்கு வர்ற கப்பலுக்கு கேட் பாஸ் வாங்கணும். ஆளுங்க எல்லாம் சிரிச்சுப் பேசிட்டு இருக்காங்க, நான் மட்டும் சக்கரம் சுத்தறதைப் பாத்துட்டு இருக்கேன்!"

புதிதாக வந்த ஒரு கப்பலின் ஆட்கள் மொத்தப் பேரும் ஒரே சமயத்தில் வீடியோ காலில் இருந்தார்களாம். முதல் வகுப்புக்கு நான் எல்லை வைக்கவில்லை. அவர்கள் கம்பி முழுவதையும் நிரப்பிக்கொண்டார்கள். பௌதியின் மெயில் வாசலிலேயே நின்றது. முந்திப் போகலாம் என்றால் அடுத்தவனுக்கு வழியே இல்லாமல் அடைத்துக்கொள்ளலாம் என்று பொருளில்லை. என் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொடுக்கிற பாடம் இது. மீன் மணத்தில் மறந்துவிட்டேன்.

மாலையில் போய், முதல் வகுப்புக்கு ஓர் அளவு கட்டினேன். மற்றவர்களுக்கு எது நடந்தாலும் குறையாத ஒரு பங்கு ஒதுக்கினேன். ஒவ்வொரு போனுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னேன். வேலை முடிந்து கேன்டீனில் தேநீர் கேட்டபோது கேன்டீன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை தாதா என்பார்கள். வங்காளத்தில் அண்ணன் என்று பொருள்.

"எல்லாருக்கும் ஏற்பாடு பண்றீங்க. என் கிரிக்கெட்டுக்கு?" என்றார்.

"மேட்ச் நல்லாத்தானே ஓடுது, தாதா?"

"ஓடுது. ஆனா பக்கத்து டீக்கடையில 'சிக்ஸ்'னு கத்தறான். இங்க என் போன்ல பௌலர் இன்னும் ஓடி வந்துட்டு இருக்கான்."

"அது கொஞ்சம் சேத்து வெச்சுட்டு அப்புறம்தான் காட்டும். அதனாலதான் நடுவுல நிக்காம ஓடுது. பேசறவங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்ல. கேட்ட உடனே பதில் சொல்லணும். நீங்க பேட்ஸ்மேனுக்குப் பதில் சொல்ல வேண்டாமே?"

"யார் சொன்னா வேண்டாம்னு?" என்றார் அவர் ரோஷமாக. உண்மைதான்; அவர் பேட்ஸ்மேனோடு பேசுவதைத் தெருமுனைவரை கேட்கலாம். ஆனாலும் கிரிக்கெட்டை நான் முதல் வகுப்பில் ஏற்றவில்லை. அன்று தேநீரில் சர்க்கரை குறைவாக இருந்தது.

இப்படி எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்திருந்தபோதுதான் அந்தத் தூத்துக்குடிக்காரர் வந்தார். சனிக்கிழமை மாலை. பௌதி போன் செய்து, "உங்க ஊர் ஆள் ஒருத்தன் இங்க அழறாப்பல உக்காந்திருக்கான். ஹிந்தியில சொல்றான், எனக்குப் பாதி புரியல. நீ வந்து தமிழ்ல கேளு" என்றார்.

முப்பது வயதிருக்கும். கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. வெயில் படாத முகம், எண்ணெய்க் கறை போகாத நகங்கள். நான் தமிழில் பேசியதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்கா, நீங்க தமிழா! அந்த அம்மா, தாதாகிட்ட கேளு, தாதாகிட்ட கேளுன்னு கைய காட்டுதாவ. எனக்கு பக்குனு ஆயிட்டு. துறைமுகம்லா, எவனோ பெரிய ரவுடி போலன்னு நெனச்சேன்."

கேன்டீன்காரரைக் காட்டி விளக்கினேன். அவர் அப்போது சமோசாவுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சிரித்து முடித்ததும் விஷயம் வெளியே வந்தது.

அவர் கப்பலேறியபோது மனைவி கர்ப்பமாக இருந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஒப்பந்தம் முடிய மாதங்கள் இருக்கின்றன. நாளைக் காலை மாமியார் வீட்டில் பெயர் வைக்கும் விசேஷம். குழந்தையின் வலது காதில் பெயரை மூன்று தரம் சொல்லவேண்டும். தாத்தா சொல்லலாம், அத்தை சொல்லலாம். ஆனால் மனைவி பிடிவாதமாக நிற்கிறாள்: அப்பா குரலில்தான் பிள்ளை தன் பெயரை முதலில் கேட்கவேண்டும். கப்பல் கிடர்பூரில் நிற்கிற நாளைப் பார்த்தே தேதி குறித்திருக்கிறார்கள். அன்றைக்குக் கரையிறங்க அவருக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது.

"இவ்வளவு பேரும் எனக்காக காத்துக்கிட்டு இருக்காவ அக்கா. வெளிய கேட்டு பக்கத்துல நின்னு கூட்டாளி போன்ல பேசிப் பாத்தேன். சிக்னல் நல்லாத்தான் இருக்கு. நான் வாயத் தொறந்ததும் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான் பாருங்க, அங்க தூத்துக்குடில பிள்ள தூக்கிவாரிப் போட்டு அழுதுட்டு. உள்ள வந்தா இந்தச் சுவத்துல மொபைல் எடுக்கவே மாட்டுக்கு. இந்த வைஃபைதான் கதி."

"அப்போ இப்பவே ஒரு தடவை பேசிப் பாத்துடலாம், தம்பி" என்றேன், என் ஏற்பாட்டின்மேல் இருந்த நம்பிக்கையில்.

கூடத்தில் அன்று நல்ல கூட்டம். மனைவி வீடியோவில் வந்தாள். பின்னால் யாரோ தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க மாப்ள, கேக்குதான்னு பாப்போம்" என்றார். இவர் பெயரைச் சொன்னார். அது என்ன பெயர் என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெண்ணின் சொத்து அது. ஆனால் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது அதன் முதல் எழுத்து மட்டும், அதுவும் இரண்டு தரம்.

"என்னது?" என்றார் மாமியார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னார். அங்கே ஒரே சிரிப்பு. யாரோ ஒரு பெண், "நாய்க்குட்டிக்கு வைக்க பேரு மாதிரி இருக்கு!" என்று கத்தியது மட்டும் சுத்தமாகக் கேட்டது.

பௌதிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கைதட்டினார். "இதுக்கா கவலைப்படறான்? இது அசல் வங்காளி டாக் நாம்! எங்க வீடுகள்ல எல்லா குழந்தைக்கும் ரெண்டு பேர். வீட்டுல கூப்பிட ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு. வீட்டுப் பேரை இன்டர்நெட் வெச்சாச்சு. நல்ல பேரை அப்பா நாளைக்கு வைக்கட்டும்."

அதைத் தமிழில் சொன்னதும் தூத்துக்குடிக்காரர் சிரித்தார், ஆனால் முகம் தெளியவில்லை. எனக்கும் புரியவில்லை. முதல் வகுப்பு கொடுத்தும் ஏன் விழுகிறது?

லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். என் ரூட்டரில் வரிசையே இல்லை. எல்லாம் வந்த வேகத்தில் வெளியே போய்க்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. ரூட்டரைத் தாண்டி, இணைய கம்பெனிக்காரன் வைத்த மோடம் இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. நான் அனுப்புகிற வேகம் வெளியே கம்பி தாங்குகிற வேகத்தைவிட அதிகம். ஆகவே நான் பார்த்துப் பார்த்து அடுக்கியதெல்லாம் மோடத்தின் வாசலில் போய்க் குவிந்தது. அங்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு கிடையாது. எது முன்னால் வந்ததோ அது முன்னால். கூட்டம் குறைவாக இருந்த நாளில் சோதித்ததால் இதை நான் கவனிக்கவில்லை.

மருந்து ஒன்றுதான். கம்பி தாங்குவதைவிடச் சற்றுக் குறைவாக என் ரூட்டரின் வேகத்தை நானே குறைத்துவிடவேண்டும். அப்போது மோடத்தில் எதுவும் தேங்காது. காத்திருப்பதெல்லாம் என் ரூட்டரிலேயே காத்திருக்கும்; என் சொல்லைக் கேட்கும்.

"வேகத்தைக் குறைக்கறேன், பௌதி" என்றேன்.

"குறைக்கறியா? நான் அதிகமாக் காசு கட்டி வேகத்தைக் கூட்டியிருக்கேன்!"

"கொஞ்சம்தான். குறைச்சாதான் பேச்சு வேகமாப் போகும்."

பௌதி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "உனக்கு மீன் கொடுத்தது தப்பு. டாக்டர்கிட்ட போ" என்று சொல்லிவிட்டு, "பண்ணு, பண்ணு" என்று கையை அசைத்தார்.

குறைத்தேன். கூடத்தில் எல்லோரும் அவரவர் படத்தை இறக்கிக்கொண்டும் ஏற்றிக்கொண்டும் இருக்கும்போதே, தூத்துக்குடிக்காரரிடம் மனைவியை மறுபடி கூப்பிடச் சொன்னேன். "ஹலோ" என்றார். "ஹலோ" என்று மனைவியின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. பெயரை மட்டும் அப்போது சொல்லவேண்டாம் என்று அவள் தடுத்துவிட்டாள். "நாளைக்கு அவ காதுல சொல்லுங்க. இப்ப சொல்லி வேஸ்ட் பண்ணாதீங்க."

ஞாயிறு காலை நான் போனபோது அவர் வந்து உட்கார்ந்திருந்தார். பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. காலில் மட்டும் எஞ்சின் அறையின் கனத்த பாதுகாப்பு பூட்ஸ். துறைமுகத்துக்குள் அது இல்லாமல் நடக்க விடமாட்டார்களாம். தாதா அவர் முன்னால் ஒரு தட்டில் சந்தேஷ் என்கிற வங்காளி இனிப்பு வைத்திருந்தார். வாழைப்பழம், ஊதுவத்தி வேறு.

நல்ல நேரம் நெருங்கியபோது வாசலில் ஒரு பேருந்து வந்து நின்று, வேறொரு கப்பலின் ஆட்கள் கூட்டமாக இறங்கினார்கள். பிலிப்பினோக்கள், உக்ரேனியர்கள். நுழைந்ததும் பாஸ்வேர்ட் கேட்டார்கள். பௌதிக்கு வியர்த்துவிட்டது.

"கொஞ்ச நேரம் எல்லாருக்கும் நெட்டை நிறுத்திடவா? கேட்டா ரிப்பேர்னு சொல்லிக்கறேன்."

"வேண்டாம், பௌதி" என்றேன். "அவங்களும் பாவம் மாசக்கணக்கா காத்திருந்து வந்தவங்க. யாரையும் நிறுத்தாம இவரைப் பேச வைக்கத்தான் இவ்வளவும் பண்ணினது."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. பாஸ்வேர்ட் கொடுக்கப்பட்டது. லேப்டாப்பில் பார்த்தேன், புகைப்படங்கள் படையெடுத்தன. எல்லாம் வந்து என் வரிசையில் ஒழுங்காக நின்றன. பின்னால் யாரோ ஒரு சினிமா போட்டார்கள். அதில் துப்பாக்கிச் சண்டை.

தூத்துக்குடியில் மனைவி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். மஞ்சள் பூசிய சின்ன நெற்றி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. "இதான் அப்பா, பாரு" என்று போனைத் திருப்பினாள். குழந்தை கொட்டாவி விட்டது. பிறகு போன் அதன் வலது காதருகே போனது. எங்களுக்குத் திரையில் ஒரு காதும் கொஞ்சம் முடியும் மட்டும் தெரிந்தன.

அவர் குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய், பெயரைச் சொன்னார். அங்கே ஒரு கிசுகிசுப்பு. இரண்டாவது தரம் சொன்னார். அப்புறம் சத்தம் இல்லை.

"ஹலோ? மாப்ள? நெட்டு போயிட்டா?" என்று மாமியார் குரல் பதறியது. "ஏ, அந்த வயர பாரு!"

என் கண் லேப்டாப்புக்குப் பாய்ந்தது. எதுவும் விழவில்லை, எதுவும் தேங்கவில்லை. குரலுக்கான பாதை காலியாகத் திறந்து கிடந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்; தோள் குலுங்கியது. முன்னால் கூடியிருந்தவர்களுக்கு மொழி தெரியாது. ஆனால் சினிமா பார்த்துக்கொண்டிருந்த உக்ரேனியர் சத்தத்தை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"லைன் நல்லா இருக்கும்மா" என்றேன் போனைப் பார்த்து. "ஒரு நிமிஷம் குடுங்க."

"அவருக்கு அழுக வந்துட்டும்மா" என்று மனைவி தன் அம்மாவிடம் சொன்னது எங்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவளே தொடர்ந்தாள்: "இருங்க. மெதுவா சொல்லட்டும்."

எத்தனையோ வருடங்களாகக் குரல்களை முன்னால் அனுப்பியிருக்கிறேன். எனக்கு அவை எண்களாகவும் கோடுகளாகவும்தான் தெரியும். உள்ளே என்ன போகிறது என்று பார்ப்பது என் வேலையில்லை, பார்க்கவும் கூடாது. அன்றைக்குத்தான் ஒன்று போய்ச் சேர்வதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமி, மூன்றாவது தரம் பெயரைச் சொன்னார். இந்தத் தடவை உரக்கவே. குழந்தை "ங்கா" என்றது. அங்கே குலவை ஒலி ஒன்று கிளம்பி, கிடர்பூர் கூடத்தின் கூரையைத் தொட்டது. இங்கே பௌதிக்கும் ரோஷம் வந்து, நாக்கைச் சுழற்றி வங்காளிக் குலவை இட்டார். உலூ, உலூ என்று இரண்டு ஊர்ச் சத்தமும் ஒரே போனில் மோதிக்கொண்டன. பிலிப்பினோக்கள் கைதட்டினார்கள். தாதா சந்தேஷ் தட்டை எடுத்துக்கொண்டு எல்லா மேஜைக்கும் போனார். எனக்கு இரண்டு கொடுத்தார். கிரிக்கெட் விவகாரத்தில் என்னை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

விசேஷம் முடிந்து அவர் கப்பலுக்குக் கிளம்பப் பார்த்தார். பௌதி விடவில்லை.

"பேர் வெச்சுட்டு சாப்பாடு இல்லாம அனுப்பறதா? பாஸ் சாயங்காலம் வரைக்கும் இருக்கில்ல? வாங்க."

மூவரும் டாக்ஸி பிடித்து லேக் மார்க்கெட்டுக்குப் போனோம். அங்கே எங்கள் குடும்பம் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு தமிழ் ஓட்டல். வேட்டியும் பூட்ஸுமாக ஒருவர் நுழைந்ததை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழையிலை போட்டு, சூடான சோற்றில் சாம்பார் விழுந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரசம் முடியும்வரை தலை நிமிரவில்லை.

"கப்பல்ல சமையல்காரர் நல்ல மனுசன்தான் அக்கா. ஆனா சாம்பாருக்கு சீனி போடுதாரு" என்றார் கடைசியில்.

விஷயம் தெரிந்ததும் பரிமாறுகிறவர் பாயசத்தை இன்னொரு தரம் ஊற்றினார். "பொண்ணா? மகாலட்சுமி. நல்லா சாப்பிடுங்க சார்." பௌதி இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு மடித்தார்.

எஞ்சின் அறையில் அவரோடு வேலை பார்க்கிற கூட்டாளிகளுக்கு மசால் தோசையும் சாம்பாரும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார். கப்பலுக்குத் திரும்ப டாக்ஸியில் ஏறி, பொட்டலங்களை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி நகரும்போது கண்ணாடி வழியாகக் கும்பிட முயன்றார்.

"கையை எடுக்காதே! சாம்பார், சாம்பார்!" என்று பௌதி வங்காளத்தில் கத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. கும்பிடுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். டாக்ஸி ஆட்டோக்களுக்கு நடுவே நுழைந்து, ராஷ்பிஹாரி சாலைப் பக்கம் திரும்பிப் போயிற்று.